கஹமார்காவில் கொட்டப்பட்ட கோப்பை

விடிந்துகொண்டிருக்கிறது. கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்ட அரசனின் உடல் கிடக்கிறது. பக்கத்தில், வாழ்நாள் முழுக்கப் போரிலேயே தேய்ந்த ஒரு படைத்தலைவன் காத்திருக்கிறான். தான் சூரியனின் மகன் என்றும், முதல் கதிர் மேலே பட்டால் எழுந்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டு இறந்தவன் அந்த அரசன். எதையும் நம்பாத படைத்தலைவன் இதை மட்டும் நம்ப ஆசைப்படுகிறான். வெளிச்சம் வருகிறது. உடல் அசையவில்லை. 1969இல் வெளிவந்த ‘தி ராயல் ஹண்ட் ஆஃப் தி சன்’ திரைப்படம் இந்தக் காத்திருப்பை நோக்கித்தான் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. பீட்டர் ஷாஃபரின் 1964ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவி இர்விங் லெர்னர் இயக்கிய படம். இன்கா பேரரசை வீழ்த்திய பிரான்சிஸ்கோ பிசாரோவாக ராபர்ட் ஷா நடித்தார், அரசன் அதவால்பாவாக கிறிஸ்டோபர் பிளம்மர்.

ராபர்ட் ஷாவின் நடிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். பிசாரோ எஸ்த்ரெமதுரா வட்டாரத்தின் த்ருஹியோ ஊரில் முறையற்ற உறவில் பிறந்தவன், எழுதப் படிக்கத் தெரியாதவன். மேட்டுக்குடியினர் தன்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதை மறக்காத ஒருவனின் கசப்பை ஷா குரலை உயர்த்தாமலே கொண்டுவந்துவிடுகிறார். தங்கமும் தேவாலயமும் அரசரின் பட்டமும் அவனுக்குச் சலித்துப்போய்விட்டன. அப்படிப்பட்டவன் முன்னால், தன்னைக் கடவுள் என்று துளியும் சந்தேகமில்லாமல் நம்பும் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். கைதியும் காவலனுமாகத் தொடங்குகிற உறவு, தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலானது போல வளர்கிறது. நாடகமாகப் பார்த்தால் இறுக்கமான, அழகான கட்டுமானம். என்னை உறுத்துவதும் அந்த அழகுதான். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டு ஒரு பேரரசு சரிந்த கதையில் கடைசியில் நாம் யாருக்காகக் கலங்குகிறோம்? நம்பிக்கை பொய்த்துப்போன பிசாரோவுக்காக. கொன்றவனின் துக்கம்தான் படத்தின் துக்கம்.

நாடகத்துக்கு இந்தக் குறை இவ்வளவு வெளிப்படையாக இருந்ததில்லை. 1964இல் பிரிட்டனின் தேசிய நாடகக் குழு சிசெஸ்டரில் அதை அரங்கேற்றியபோது, இயக்குநர் ஜான் டெக்ஸ்டர் படுகொலைக் காட்சியை ஊமைக்கூத்தாக அமைத்தார். வெட்ட வெட்ட இன்காக்கள் அலையலையாக விழுகிறார்கள். மேடையின் நடுவிலிருந்த பெரிய சூரியனிலிருந்து ரத்தநிறத் துணி ஒன்று இழுக்கப்பட்டு மேடை முழுக்கப் பரவுகிறது. மேடையில் செத்தவர்களை எண்ண முடியாது, துணியைத்தான் பார்க்க முடியும். அதனாலேயே சாவு பெரிதாகத் தெரியும். கேமரா இந்த வித்தையை ஏற்காது. அதற்கு உண்மையான மலை வேண்டும், உண்மையான குதிரை வேண்டும். பெருவிலும் ஸ்பெயினிலும் படமெடுத்தார்கள். மலை கிடைத்தது. ஆனால் மலைக்கு நடுவே அரை நிர்வாணமாக, உடலெல்லாம் ஆபரணத்தோடு, பறவையைப் போல ஒலி எழுப்பி, விரல்களை விசித்திரமாக அசைத்தபடி பிளம்மர் வரும்போது, மேடையில் சடங்காகத் தெரிந்திருக்கக்கூடியது திரையில் வேடிக்கைப் பொருளாகச் சுருங்கிவிடுகிறது. 1965இல் நியூயார்க் மேடையில் இதே பிளம்மர் பிசாரோவாக நடித்திருந்தார். கொல்பவன், கொல்லப்படுபவன் என்ற இரண்டு பாத்திரங்களுக்குள்ளும் போய்வந்த நடிகர் அவர். அப்படிப்பட்டவராலும் இரண்டாவதற்கு ஒரு மனித முகத்தைத் தர முடியவில்லை. எழுத்திலேயே அது இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நடந்தது என்ன?

1532 நவம்பர் 16, சனிக்கிழமை. ஆண்டீஸ் மலைமேல் கஹமார்கா என்ற ஊர். பிசாரோவிடம் 168 பேர் இருந்தார்கள், அவர்களில் 62 பேர் குதிரைவீரர்கள். ஊருக்கு வெளியே வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் அதவால்பாவின் பெரும்படை கூடாரமடித்திருந்தது. தந்தை வய்னா கபாக் இறந்தபின் அண்ணன் தம்பிகளுக்குள் மூண்ட அரியணைப் போரில், சகோதரன் வாஸ்கரை அப்போதுதான் தோற்கடித்திருந்தான் அதவால்பா. முந்தைய நாள் பிசாரோவின் தளபதி எர்னாந்தோ தெ சோதோ அவனைப் பார்க்கப் போனபோது, குதிரையின் மூச்சு முகத்தில் படும் அளவுக்கு நெருங்கி நிறுத்தினான். அந்த விலங்கை முன்பின் பார்த்திராத அரசன் கண்ணிமைக்கவில்லை. வீரத்துக்குக் குறைவில்லை. இந்தச் சிறு கூட்டத்தை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்ற அலட்சியம் இருந்தது. மறுநாள் மாலை ஆயுதமில்லாத ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு பல்லக்கில் சதுக்கத்துக்குள் வந்தான். ஸ்பானியர்கள் சதுக்கத்தைச் சுற்றியிருந்த நீளமான கட்டடங்களுக்குள் ஒளிந்து நின்றார்கள்.

அடுத்து நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். பாதிரியார் விசென்தே தெ வல்வெர்தே வேதப் புத்தகத்தோடு முன்னால் வருகிறார், அதவால்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிகிறான், பாதிரியார் கத்துகிறார், பீரங்கி வெடிக்கிறது. பிசாரோவின் செயலர் பிரான்சிஸ்கோ தெ ஹெரெஸின் நூல் 1534லேயே செவில்லில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து இன்றுவரை நூல், ஓவியம், நாடகம், படம் எல்லாவற்றிலும் கஹமார்கா என்றால் எறியப்பட்ட அந்தப் புத்தகம்தான். ஷாஃபர் சார்ந்திருந்த வரலாற்றாசிரியர் பிரெஸ்காட்டின் 1847ஆம் ஆண்டு நூலிலும் அப்படித்தான்.

இன்காக்களின் தரப்பில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதவால்பாவின் தம்பி மாங்கோ இன்காவின் மகன் தித்து குசி யுபாங்கி, ஸ்பானியர்களுக்கு அடங்காமல் வில்கபாம்பா காட்டுமலைகளில் ஆண்டுகொண்டிருந்தவன். 1570இல் அவன் ஒரு நீண்ட வாக்குமூலத்தைச் சொல்லி எழுதவைத்தான். அதில் புத்தகத்துக்கு முன்னால் ஒரு கோப்பை வருகிறது. முதலில் வந்த ஸ்பானியர்களுக்கு அதவால்பா தங்கக் கோப்பையில் சிச்சா கொடுத்தான். சிச்சா என்பது மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் மது. வாங்கியவன் குடிக்காமல் தரையில் கொட்டிவிட்டான். அந்த அவமானத்தை மனத்தில் வைத்திருந்த அரசன்தான் பிறகு அவர்கள் நீட்டிய புத்தகத்தை எறிந்தான்.

ஆண்டீஸில் சிச்சா வெறும் பானமல்ல. இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றொன்றை எதிரிலிருப்பவரிடம் நீட்டி, இருவரும் சேர்ந்து குடிப்பார்கள். உறவும் கடமையும் அரசியல் ஒப்பந்தமும் அந்த ஊற்றலில்தான் உறுதியாகும். இதற்கென்றே ஜோடியாகச் செய்த கேரோ என்ற மரக்கோப்பைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தக் கோப்பையைக் கொட்டுவது, நீட்டிய கையை வெட்டுவதற்குச் சமம். தித்து குசி சொன்னது அவன் குடும்பத்தின் நினைவு. அதில் அரசியலும் கலந்திருக்கும், ஸ்பெயின் அரசரிடம் தன் உரிமையை வாதாடுவதற்காகச் சொன்னது அது. ஹெரெஸின் நூலிலும் அதே அளவு அரசியல் உண்டு. முதல் குற்றம் யாருடையது என்பதை, கதையை எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பதே தீர்மானித்துவிடுகிறது. புத்தகத்திலிருந்து தொடங்கினால் அதவால்பா கடவுளை அவமதித்தவன். கோப்பையிலிருந்து தொடங்கினால் விருந்தாளி மரியாதை தெரியாதவன். தித்து குசியின் வாக்குமூலம் 1916இல் லிமாவில் அச்சாகிவிட்டது. ஷாஃபர் எழுத உட்கார்ந்தபோது அந்தக் கோப்பை நூலகங்களில் இருந்தது.

சூரியன் மறைவதற்கு முன்பே எல்லாம் முடிந்தது. ஸ்பானியர்களின் கணக்கே ஆறேழாயிரம் பேர் செத்ததாகச் சொல்கிறது. அவர்கள் பக்கம் உயிரிழப்பு இல்லை. அதவால்பாவை உயிரோடு பிடிக்க நினைத்த பிசாரோ, தன் ஆளே வீசிய வாளைத் தடுத்ததில் கையில் காயப்பட்டான். நேரில் கண்டவர்கள் எழுதிவைத்ததில் ஒன்றை மட்டும் என்னால் கடந்துபோகவே முடிவதில்லை. பல்லக்குத் தூக்கிகளின் கைகளை வெட்டினார்கள். கை போனபிறகும் அவர்கள் தோளைக் கொடுத்து அரசனைத் தாங்கினார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வந்து நின்றார். கடைசியில் குதிரைவீரர்கள் ஒரு பக்கமாகத் தள்ளிக் கவிழ்த்துத்தான் பல்லக்கை இறக்க முடிந்தது. இதை எழுதியவர்கள் வெட்டியவர்கள்தான். அவர்களின் எழுத்திலேயே திகைப்பு தெரிகிறது. பல்லக்குச் சுமந்தவர்கள் சாதாரணக் கூலிகளல்ல, உயர்குடியினர். அவர்களில் ஒருவரின் பெயரும் நமக்கு வந்துசேரவில்லை. இந்தப் பேரரசைப் பற்றிப் படமெடுக்கிற ஒருவர் எங்கே கேமராவை வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்தத் தோள்களின் உயரத்தில் என்பேன்.

இன்காக்களை அப்பாவிகளாக்கும் ஆசை எனக்கில்லை. அவர்களுடையதும் பேரரசுதான். ஒரு நூற்றாண்டுக்குள் வென்று சேர்த்த நிலம் அது. வென்ற மக்களை ஊரோடு பெயர்த்து வேறு இடத்தில் குடியேற்றியவர்கள். அதவால்பாவின் படைத்தலைவர்கள் தலைநகர் குஸ்கோவில் வாஸ்கரின் குடும்பத்தை வேரோடு அழித்தார்கள். கைதியாக இருந்தபடியே அதவால்பா ஆளனுப்பி வாஸ்கரைக் கொல்லவைத்தான். இன்காக்களை வெறுத்த காஞாரிகளும் வாங்காக்களும் சாச்சபோயாக்களும் ஸ்பானியர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1536இல் மாங்கோ இன்காவின் படை லிமாவை முற்றுகையிட்டபோது ஊரைக் காப்பாற்றியதில் உள்ளூர்க் கூட்டாளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. லிமாவை ஒட்டிய புருசுகோவில் தோண்டியெடுத்த அந்தக் காலத்து எலும்புக்கூடுகளில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த மண்டையோடும் இருந்தது. ஆனால் பெரும்பாலான காயங்கள் கல்லாயுதங்களால் ஏற்பட்டவை. 168 பேர் ஒரு பேரரசைக் கவிழ்த்தார்கள் என்ற கதை பிசாரோவின் ஆட்கள் பரிசு கேட்டு அரசருக்கு எழுதிய மனுக்களில் பிறந்தது. திரைப்படம் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஒரு தனி மனிதனின் மனப்போராட்டத்தைச் சொல்ல அந்தக் கதைதான் வசதி.

தங்கத்தின் பக்கம் படம் கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்கிறது. தன் விடுதலைக்காக ஓர் அறை நிறையத் தங்கம் தருவதாக அதவால்பா சொன்னது வரலாறு. ஏறத்தாழ 22 அடி நீளம், 17 அடி அகலம் உள்ள அறை. கை எட்டும் உயரத்துக்கு ஒருமுறை தங்கம், இரண்டுமுறை வெள்ளி. மாதக்கணக்கில் லாமாக்களின் முதுகிலும் மனிதர்களின் முதுகிலும் வந்து குவிந்தது. குஸ்கோவின் கோரிகாஞ்சா சூரியக் கோயில் சுவரில் பதித்திருந்த தங்கத் தகடுகள் எழுநூறைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். அந்த வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் உடன்படாததால் ஸ்பானியர்களே செய்ய வேண்டியிருந்தது. பிறகு ஒன்பது உலைகளை மூட்டி எல்லாவற்றையும் உருக்கினார்கள். உருக்கும் வேலையில் இருந்தவர்கள் இன்காப் பொற்கொல்லர்கள். தாங்களோ தங்கள் முன்னோரோ தட்டியெடுத்த குடத்தையும் சிலையையும் மக்காச்சோளக் கதிரையும் தங்கள் கையாலேயே நெருப்பில் போட்டார்கள். 13,000 பவுண்டுக்கும் மேற்பட்ட தங்கம், 26,000 பவுண்டு வெள்ளி. ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. உருக்காமல் செவில்லுக்குக் கொண்டுபோன கொஞ்சம் பொருட்களைச் சில நாள் காட்சிக்கு வைத்துவிட்டு, அரசர் ஐந்தாம் கார்லோஸின் உத்தரவின்படி நாணயச் சாலைக்கு அனுப்பினார்கள்.

அறையை நிறைத்த பிறகும் அதவால்பாவை விடவில்லை. பெரும்படை வருகிறது என்று வதந்தி. உண்மையா என்று பார்த்துவர தெ சோதோவை அனுப்பினார்கள். அவன் திரும்புவதற்குள், 1533 ஜூலையில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். எரித்துக் கொல்ல வேண்டும் என்பது தண்டனை. ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால் கழுத்தை நெரித்துக் கொல்லலாம் என்றார் வல்வெர்தே. அதவால்பா ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். இன்காக்களுக்கு இறந்த அரசன் என்பவன் உடல். உலர்த்திப் பாதுகாத்து, ஆடை உடுத்தி, சிச்சா படைத்து, திருநாளில் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து உட்காரவைப்பார்கள். எரிந்துபோனால் அந்த வாழ்வு இல்லை. அவன் மதம் மாறியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் படத்தின் இறுதிக் காட்சிக்கு மூலமான ஒரு சம்பவம் இருக்கிறது. அதைச் சொன்னவர் பிசாரோவின் உறவுக்காரப் பையன், அவனிடம் பணியாளாக இருந்த பெத்ரோ பிசாரோ. சம்பவம் நடந்து ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து, 1571இல் தன் நினைவுகளை எழுதினார். தன் உடலை எரிக்காவிட்டால் சூரியன் மறுபடியும் எழுப்புவான், திரும்பி வருவேன் என்று அதவால்பா தன் சகோதரிகளிடமும் மனைவியரிடமும் சொல்லியிருந்தான். அவன் இறந்தபின் சிலர் தூக்குப்போட்டுக்கொண்டார்கள். இரண்டு சகோதரிகள் மட்டும் மேளத்தோடு பாடி, அழுது, கணவனின் செயல்களைச் சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். பிசாரோ வெளியே போகும்வரை காத்திருந்து, அதவால்பா வசித்த இடத்துக்கு வந்தார்கள், உள்ளே விடும்படி பெத்ரோவிடம் கெஞ்சினார்கள். நுழைந்து, மூலை மூலையாகப் போய், மெதுவான குரலில் அவனைக் கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. ஓவென்று அலறிக்கொண்டு வெளியே வந்தார்கள். என்ன தேடினீர்கள் என்று பெத்ரோ கேட்க, விஷயத்தைச் சொன்னார்கள். செத்தவர்கள் தீர்ப்பு நாள்வரை திரும்ப மாட்டார்கள் என்று அந்த இளைஞன் அவர்களுக்கு எடுத்துச் சொன்னான்.

காத்திருந்தவர்கள் இந்தப் பெண்கள். கூப்பிட்டவர்களும் இவர்கள்தான். பதில் வராமல் உடைந்துபோனவர்களும் இவர்களே. ஷாஃபர் அந்தக் காத்திருப்பை இவர்களிடமிருந்து எடுத்துப் பிசாரோவின் கையில் கொடுத்துவிட்டார். பிசாரோ அழுததைத் தான் பார்த்ததாக அதே பெத்ரோ எழுதியிருக்கிறார், அதனால் அவனுடைய கண்ணீர் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழுதவன் வேறு, காத்திருந்தவர்கள் வேறு. ஒருவரின் துக்கத்தைப் பிடுங்கி அதற்குக் காரணமானவனுக்கே அணிவித்த பிறகு, அந்தத் துக்கத்தைப் பார்த்து நம்மை அழச்சொல்கிறது இந்தப் படம். தங்கத்தைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிற படைப்பு இந்தக் கொள்ளையைக் கவனிக்கவில்லை.

பெண்கள் இந்தப் படத்தில் பின்னணியில் நிற்பதோடு சரி. வரலாற்றிலோ அவர்கள் இல்லாமல் இந்தக் கதையே நகராது. அதவால்பாவின் சகோதரி கிஸ்பே சிசாவோடு பிசாரோ வாழ்ந்தான். அவர்களுக்குப் பிறந்த பிரான்சிஸ்கா பின்னாளில் ஸ்பெயினுக்குப் போய், சிறையிலிருந்த தன் சித்தப்பன் எர்னாந்தோ பிசாரோவையே மணந்தாள். த்ருஹியோ சதுக்கத்தில் அவர்கள் கட்டிய மாளிகையின் மூலையில் தந்தை, தாய், மகள், மருமகன் நால்வரின் தலைச்சிற்பங்களும் இன்றும் இருக்கின்றன. அதவால்பாவுக்கு மனைவியாக நிச்சயிக்கப்பட்டிருந்த குசிரிமாய் ஒக்யோ பிறகு பிசாரோவின் துணையானாள், அவன் கொலையுண்டபின் ஹுவான் தெ பெதான்சோஸ் என்பவரை மணந்தாள். கெச்சுவா மொழியில் தேர்ந்தவர் பெதான்சோஸ். 1551இல் அவர் எழுதத் தொடங்கிய இன்கா வரலாற்றில் பெரும்பகுதி, மனைவியின் குடும்பத்தார் சொல்லக் கேட்டது. அதன் முழுப்பிரதி 1987இல்தான் அச்சானது. ஷாஃபரோ லெர்னரோ அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை, அதற்காக அவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. பெத்ரோ பிசாரோவின் இரண்டு பெண்களோ எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

ஷாஃபர் இந்தக் கதையை மேடையேற்றுவதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஆண்டீஸ் மக்கள் இதைத் தெருவில் நடித்துவந்திருக்கிறார்கள். அதவால்பாவின் சாவு பெருவிலும் பொலிவியாவிலும் ஒரு கூத்து. ஊர்த் திருவிழாவில், ஊர்க்காரர்களே வேடம் கட்டி, சில ஊர்களில் கெச்சுவாவில், சில ஊர்களில் ஸ்பானியம் கலந்து ஆடுவார்கள். பொலிவிய அறிஞர் ஹெசுஸ் லாரா 1957இல் பதிப்பித்த பிரதி மிகப் புகழ்பெற்றது. அதன் தொன்மை பற்றி ஆய்வாளர்களிடையே கடும் சர்ச்சை உண்டு. ஆனால் கூத்தின் மரபு அந்த ஒரு பிரதியை நம்பி இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெசியே 1712 முதல் 1714 வரை அந்தக் கடற்கரைப் பகுதியில் பயணம் செய்தபோதே, உள்ளூர் மக்கள் அரசனின் சாவைத் தெருவில் நடிப்பதையும், அந்த நாளில் ஸ்பானியர்கள் வெளியே வர அஞ்சுவதையும் குறித்துவைத்தார்.

லாராவின் பிரதியில் ஸ்பானியர்களுக்குக் குரலே கிடையாது. பிசாரோவும் அவன் கூட்டாளி அல்மாக்ரோவும் உதட்டை மட்டும் அசைப்பார்கள். மொழிபெயர்ப்பாளன் பெலிபியோ அதைப் பேச்சாக்கிச் சொல்வான். பார்வையாளருக்கு அந்நியனின் வாய் அசைவதுதான் தெரியும், அவனுடைய மனத்துக்குள் நுழைய வழியில்லை. ஸ்பானியர் கொடுத்த கடிதம் மக்காச்சோளத் தோகையாக ஒவ்வொரு பிரபுவின் கையாகப் போகிறது. ஒருவருக்கு அது எறும்புக் கூட்டமாகத் தெரிகிறது, இன்னொருவருக்குச் சேற்றில் பறவை நடந்த தடமாக. அரசவையே கூடிப் பார்த்தும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. சிரிப்பும் திகிலும் சேர்ந்த காட்சி இது. தங்கள் சாவு எழுதியிருக்கிற தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கடைசியில் பிசாரோ அதவால்பாவின் தலையை ஸ்பெயின் அரசரிடம் கொண்டுபோகிறான். அரசர் மகிழவில்லை, கடிந்துகொள்கிறார். பிசாரோ அந்த இடத்திலேயே விழுந்து சாகிறான், அவன் உடலை எரிக்கச் சொல்கிறார் அரசர்.

இப்படி எதுவும் நடக்கவில்லை. அதவால்பா தலை வெட்டப்பட்டுச் சாகவில்லை. ஸ்பெயின் அரசர் தன் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார். பிசாரோவை 1541 ஜூன் 26 அன்று லிமாவில் அவன் வீட்டுக்குள் புகுந்து குத்திக் கொன்றவர்கள், அவன் தம்பி எர்னாந்தோவால் கொல்லப்பட்ட பழைய கூட்டாளி அல்மாக்ரோவின் ஆட்கள். நீதி கேட்டு அரசருக்கு நெடும் கடிதம் எழுதிய ஆண்டீஸ்காரர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். குவாமன் போமா, 1615 வாக்கில், ஏறத்தாழ 1,200 பக்கம், நானூறு படங்கள். அது அரசர் கண்ணில் பட்டதா என்பதற்குத் தடயமே இல்லை. 1908இல் கோபன்ஹேகன் நூலகத்தில் ஒரு ஜெர்மன் அறிஞர் கண்டெடுத்தார்.

தகவல் பிழை என்று பார்த்தால் ஷாஃபரின் படத்தைவிட ஆண்டீஸ் கூத்தில்தான் பிழை அதிகம். நான் படத்தைக் குறைசொல்வது வரலாற்றைத் திரித்ததற்காக அல்ல. நாடகக்காரருக்கு அந்த உரிமை வேண்டும், கூத்தாடிகளுக்கும் வேண்டும். கூத்தில் ஊர் தன் அரசனுக்காகத் தானே அழுகிறது. அழுகையின் முடிவில் ஒரு தீர்ப்பைக் கேட்கிறது, கிடைக்காத தீர்ப்பைத் தானே வழங்கியும் விடுகிறது. படத்தில் தீர்ப்பு கேட்க யாருமில்லை. பிசாரோ தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறான், அந்தத் தண்டனையின் அழகில் வழக்கு முடிந்துபோகிறது.

இந்த வித்தியாசத்தின் ஆழத்தை ஸ்பானிய அரசு நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. அதவால்பா இறந்து சுமார் 250 ஆண்டுக்குப் பின், தன்னை இன்கா வழித்தோன்றலாக அறிவித்துக்கொண்ட இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சி தென்பெருவையே உலுக்கியது. 1781 மே மாதம் குஸ்கோ சதுக்கத்தில் அவரை, அவர் கண்முன்னே மனைவியையும் மூத்த மகனையும் கொன்ற பிறகு, கொன்றார்கள். அந்தத் தண்டனையை எழுதிய அரசு அதிகாரி ஹோசே அந்தோனியோ தெ அரேசே, மனிதர்களோடு நிறுத்தவில்லை. இன்கா உடை கூடாது. இன்கா அரசர்களின் ஓவியங்களை அழிக்க வேண்டும். சோக ஒலி எழுப்பும் புதுத்து சங்கை ஊதக் கூடாது. கெச்சுவாவின் இடத்தில் ஸ்பானியம் வர வேண்டும். ஊர்களில் இன்காக்களின் நினைவாக நாடகம் நடிக்கக் கூடாது. கிளர்ச்சிக்காரர்களின் பீரங்கியைப் பற்றிப் பேசும் அதே தீர்ப்பில், அதே கண்டிப்போடு இந்தப் பட்டியலும் வருகிறது. ஒரு பேரரசின் அதிகாரி, ஏழைக் குடியானவர்கள் வருடத்துக்கு ஒருமுறை போடும் வேடத்தைப் பார்த்துப் பயந்தார். அவர் பயந்ததில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கூத்தைப் பார்த்து வீடு திரும்புகிறவருக்குக் கணக்கு இன்னும் தீரவில்லை என்று தெரியும்.

தடையை மீறிக் கூத்து பிழைத்தது. பெருவின் மத்திய மலைநாட்டு ஊர்களில் திருநாளன்று இன்காவைச் சிறைபிடிக்கும் ஆட்டம் இப்போதும் உண்டு, பொலிவியாவின் ஒருரோ கார்னிவலில் இன்கா குழுவினர் வருகிறார்கள். லிமாவிலோ குதிரைமேல் வாளோடு நிற்கும் பிசாரோவின் சிலையை 1935இல் பேராலய வாசலில் வைத்தார்கள், பக்கத்துச் சதுக்கத்துக்கு மாற்றினார்கள், 2003இல் அங்கிருந்தும் அகற்றி ஒரு பூங்காவில் போட்டார்கள், 2025 ஜனவரியில் மறுபடியும் நகரின் மையத்துக்கே கொண்டுவந்தார்கள். எதிர்த்தும் ஆதரித்தும் ஊரே பேசியது. ஷாஃபரின் பிசாரோவைப் போலத் தனக்குள்ளேயே நொறுங்கிப்போன ஒரு மனிதனைப் பற்றியல்ல அந்தச் சண்டை. யார் நிலத்தில் யாருடைய சிலை நிற்கிறது என்பதைப் பற்றியது.